ஆண் செடி

சமையலறை யன்னலுக்கு வெளியே நின்ற ஹொலிச் செடி காய்த்திருந்தது.

தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றபோதுதான் நிதுசன் அதைக் கண்டான். முதல்நாள் மழையில் அதன் முள்ளோர இலைகள் எண்ணெய் பூசியதுபோல் மினுங்கின. வெட்டிய புல்லின் வாசமும் பக்கத்து வளவில் யாரோ இறைச்சி வாட்டும் புகையும் யன்னல் வலை வழியாக உள்ளே வந்தன. அந்த மினுக்கத்துக்கு நடுவே, இலைக்காம்பு கொப்போடு சேரும் இடங்களில், மிளகு அளவில் பச்சைக் காய்கள் கூட்டங்கூட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தன. குழாயை மூடிவிட்டுப் பார்த்தான். கொப்புக்குக் கொப்பு காய்.

அது காய்க்க முடியாது.

அது பெண் செடி. ஹொலியில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண் பக்கத்தில் நின்றால்தான் பெண் காய்க்கும். நகரின் கிழக்கு ஓரத்தில், ரூஜில், இந்த வீட்டை வாங்கிய வருடம் அவன் மனைவி அட்சயா அதைக் கடையிலிருந்து காரின் பின்சீற்றில் வைத்துக் கொண்டுவந்தாள். சோடியாக எடுங்கள் என்று கடைப்பெண் சொன்னாளாம். அன்றைக்கு ஆண் செடி முடிந்துவிட்டது. "பப்பாசி மாதிரித்தான்," என்று அட்சயா சிரித்தாள். "பொம்பிளை முதல்ல வந்து குடியிருக்கட்டும். ஆம்பிளையை அடுத்த முறை பாப்பம்." அடுத்த முறை வரவேயில்லை. ஒவ்வொரு மே மாதமும் செடி சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்களாகப் பூத்தது. எல்லாம் உதிர்ந்தன.

மாமி மங்கையற்கரசி, அட்சயாவின் தாய், தன் புருசன் இறந்தபின் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிவீட்டை விட்டு இவர்களோடு வந்து இருந்தார். கண்ணில் புரை. வெட்ட ஏலாது என்று பயந்து தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார். ஆனாலும் வருடா வருடம் அந்த யன்னலடியில் நின்று அதையே சொல்வார்.

"பூக்குது. காய்க்கக் காணேல்லை."

பின்னால் அட்சயா வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பாள்.

"காய்க்காததை வைச்சுக்கொண்டு என்ன செய்யிறது? வெட்டி எறிஞ்சுபோட்டு வேறை நடலாம்."

கத்தி ஒருகணம் நிற்கும். பிறகு தொடரும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. நிதுசன் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

இந்தப் பங்குனியில், இதே கழுவும் தொட்டியடியில், அட்சயா விழுந்தாள். மூளைக்குள் இரத்தக்குழாய் வெடித்தது என்றார்கள். அவன் வந்து பார்த்தபோது தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மலர்ச்சாலையில் வரிசையாக வந்தவர்கள் அவனுடைய கையைப் பிடித்து அழுத்தினார்கள்; தடித்த கையுறை போட்டதுபோல் இருந்தது. அவன் அழவில்லை. மாமி வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார்: "பெடியன் மரத்துப்போனான்."

சாம்பலைக் கறுப்புப் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றில் கொடுத்தார்கள். பெட்டிக்குள் ஒரு பை. பைக்குள் எண் பொறித்த சிறிய உலோகத் தகடு. அஸ்தியை வீட்டுக்குள் வைக்கக்கூடாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு ஏரியில் கரைக்கும்வரை கராஜில், உரப் பைகளுக்குப் பக்கத்தில், தட்டில் வைத்தான். மாமியிடம் சொல்லவில்லை. அது மலர்ச்சாலையிலேயே இருக்கிறது என்று மாமி நினைத்திருந்தார்.

ஸ்னோ கரைந்து மண் தெரியத் தொடங்கிய ஒரு பின்னேரம் அவன் வேலையால் வந்தபோது கராஜ் கதவு திறந்து கிடந்தது. மாமி ஹொலிச் செடியடியில் குந்தியிருந்தார். மடியில் கறுப்புப் பெட்டி. பால்மாப் பேணியால் அள்ளி அள்ளி வேரடியில் தூவிக்கொண்டிருந்தார்.

"றொபேட் தந்த சாம்பல்தானே, தம்பி? போன வருசம் மாதிரி இல்லை. நல்ல பாரம். குறுணியாக் கிடக்கு. உள்ளுக்கை ஒரு தகரத் துண்டும் கிடந்தது, எறிஞ்சுபோட்டன்."

பக்கத்து வீட்டு றொபேட் ஒவ்வொரு வசந்தத்திலும் தன் கணப்படுப்பு விறகுச் சாம்பலை வாளியில் தருவார். மாமி அதைக் கத்தரிக்கும் வெண்டிக்கும் போடுவார். பூச்சி பிடிக்காது. அதைத் தேடித்தான் கராஜுக்குள் போயிருக்கிறார்.

"உதுவும் இந்த முறையாவது காய்க்குதோ பாப்பம்," என்றார் மாமி. நெற்றி வியர்வையைப் புறங்கையால் துடைத்தார். நெற்றியில் சாம்பல் ஒரு கோடாக ஒட்டிக்கொண்டது. திருநீறு பூசியதுபோல.

நிதுசன் வாயைத் திறந்தான்.

"ஓம், மாமி," என்றான். "றொபேட் அங்கிள் தந்ததுதான்."

மாமி உள்ளே போனபின் முழந்தாளிட்டு, கரண்டியால் சுரண்டிப் பார்த்தான். சாம்பல் ஈரமண்ணோடு குழைந்துவிட்டது. கீழே கிடந்த காய்ந்த ஹொலி இலைகளின் முள் விரல்களிலும் உள்ளங்கையிலும் ஏறியது. இருட்டும்வரை சுரண்டினான். கையெல்லாம் சின்னச் சின்னத் துளை. துளைகளுக்குள் சாம்பல்.

அந்தியேட்டியன்று அந்தப் பெட்டிக்குள் றொபேட்டின் அடுப்புச் சாம்பல் இருந்தது. படகு ஏரிக்குள் போனது. ஐயர் சொன்ன இடத்தில் கொட்டினான். எலும்புச் சாம்பல் பாரம். தண்ணீரில் விழுந்ததும் தாழ்ந்துவிடும். விறகுச் சாம்பல் மிதந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு துணிபோல விரிந்து, படகின் ஓரத்துக்கே திரும்பித் திரும்பி வந்தது. ஐயர் கையால் தண்ணீரை அடித்துத் தள்ளினார்.

"போறாள் இல்லையே," என்று மாமி அழுதார். "போக மனமில்லை என்ரை பிள்ளைக்கு."

இப்போது செடி காய்த்திருக்கிறது.

அன்று மாலை வேலிக்கு மேலால் றொபேட்டின் தலை தெரிந்தது. மன்னார்க்காரர். ஓய்வு எடுத்தவர். வருடா வருடம் கிறிஸ்து பிறந்த நத்தார்ப் பண்டிகைக்குக் கதவில் இலை வளையம் கட்டக் காயுள்ள ஹொலிக் கொப்பைக் கடையில் வாங்கிவிட்டு, விலையைச் சொல்லித் திட்டுபவர்.

"என்ன தம்பி, உங்கட பொம்பிளை பிள்ளைத்தாச்சியாய் நிக்கிறா," என்றார். சொன்ன பிறகுதான் முகம் மாறியது. "குறை நினையாதையும். நான் செடியைச் சொன்னனான்."

"பரவாயில்லை, அங்கிள்."

"ஆரோடை போனவ எண்டுதான் விளங்கேல்லை." வேலிக்கு மேலால் எட்டிக் காய் ஒன்றைப் பிடுங்கி, நகத்தால் பிளந்தார். உள்ளே வெள்ளையாக நாலு விதை. "பாத்தீரே? சும்மா காய் இல்லை. விதை பிடிச்சிருக்கு. அப்ப ஆண் ஒண்டு கிட்டத்தான் நிக்குது. தேனீ போய் வாற தூரத்துக்குள்ளை."

"இந்தத் தெருவிலை ஆரும் வைச்சிருக்கினமோ?"

"நடக்கப் போகேக்கை எல்லா வளவையும் பாக்கிறனான். ஒருத்தரிட்டையும் இல்லை. இதுக்கு என்ன போட்டனீங்கள்?"

"மாமி சாம்பல் போட்டவ."

றொபேட் சிரித்தார். "சாம்பல் போட்டால் உது மஞ்சளாகிச் செத்துப்போகும். உதுக்குப் புளிச்ச மண்தான் வேணும். மனிசி போட்டது சாம்பல் இல்லை, வேறை என்னவோ." பிறகு சுவரோரமாகக் கீழே பார்த்தார். புல் மட்டத்தில், செடிக்குப் பின்னால், பேஸ்மென்றின் சின்ன யன்னல். "மே மாசம் தேனீ முழுக்க அந்த யன்னலிலைதான் நிண்டது. அங்கையிருந்து செடிக்கு, செடியிலையிருந்து அங்கை. உள்ளுக்கை ஆம்பிளையை ஒளிச்சு வைச்சிருக்கிறீரோ?"

அந்த யன்னலுக்கு உட்புறம்தான் நிதுசனின் கட்டில்.

அட்சயா போனபின் அவன் மேல் அறையில் படுக்கவில்லை. பேஸ்மென்றில், சுவரோரமாக, மண் மட்டத்துக்குக் கீழே படுத்தான். அங்கே எப்போதும் ஈரச் சீமெந்தின் மணம். மே மாதத்தில் யன்னலைத் திறந்து வைத்திருந்தான். விடியும்போது வலையில் தேனீக்கள் அப்பிக்கொண்டு நிற்கும். அவற்றின் இரைச்சல் குளிர்சாதனப் பெட்டியின் உறுமல்போல அறை முழுக்க நிறைந்திருக்கும். தலையணையில் மஞ்சள் தூள் கிடந்தது. போர்வையில் சின்ன வெள்ளைத் துணுக்குகள். உடுப்புக் காயவைக்கும் இயந்திரத்திலிருந்து வந்த பஞ்சு என்று நினைத்துத் தட்டிவிட்டான். ஒருநாள் கண் விழித்தபோது முழங்கையின் உட்பக்க மடிப்பில் ஒரு தேனீ ஊர்ந்துகொண்டிருந்தது. குத்தவில்லை. அதன் கால்களில் மஞ்சள் தூள் உருண்டையாகத் திரண்டிருந்தது. அவன் அசையாமல் பார்த்துக்கொண்டு கிடந்தான். அது ஆறுதலாக எழுந்து, வலையின் கிழிசல் வழியாக வெளியே போய், செடியில் இறங்கியது.

அப்போது அதை அவன் எதுவாகவும் நினைக்கவில்லை.

புரட்டாசியில் மாமி சோற்றுப் பானையை இறக்கச் சொன்னார். இறக்கி வைத்தான். மாமி மூக்கைச் சுளித்தார்.

"என்ன, இலை கருகிற மணம்?"

அவன் கையைப் பார்த்தான். பிடிதுணி இல்லாமல் பானையைப் பிடித்திருந்தான். உள்ளங்கையில் மண்ணிறத்தில் ஒரு பட்டை. வலிக்கவில்லை. மோந்து பார்த்தான். பச்சை இலையை நெருப்பில் போட்ட மணம்.

வைத்தியர் ஊசி முனையால் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். துக்கம் சிலருக்கு உடம்பிலும் இறங்கும் என்றார். நித்திரைக்கு மாத்திரை தந்தார். வீட்டுக்கு வந்து குளித்தபோது முதுகிலும் நெஞ்சிலும் தோல் மெழுகு தேய்த்ததுபோல் வழுவழுத்தது. தண்ணீர் மணிமணியாக உருண்டு ஓடியது. துவாயால் துடைக்கவே தேவைப்படவில்லை. விரல்நக ஓரத்தில் ஒரு சின்ன முள்போலக் கூர்மையாக ஏதோ தள்ளிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தான். வந்தது. நீண்டு வந்தது. பச்சையாக இருந்தது. கழிவறைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரை அடித்தான்.

பிறகு இழுக்கவில்லை. நகங்களை அரத்தால் தேய்த்தான்.

ஐப்பசியில் காய்கள் சிவந்தன. மாமிக்குப் புரைக்குள்ளாலும் அந்தச் சிவப்புத் தெரிந்தது. காலையும் மாலையும் வெளியே போய், கொப்புகளைத் தடவிக்கொண்டு நிற்பார். முள் குத்தினாலும் கையை எடுக்கமாட்டார்.

"என்ரை பிள்ளை இருந்திருந்தால் பாத்திருப்பாள்," என்றார் ஒருநாள். "எத்தினை ஆசைப்பட்டு வைச்சவள். கடைசியிலை காய்ச்சிட்டுது. அவள்தான் காய்க்காமல் போனாள்."

அன்று மாலையிலிருந்துதான் சுவருக்குள் சத்தம் கேட்கத் தொடங்கியது. கட்டிலின் தலைமாட்டில், சீமெந்துக்கு அப்பால். காற்று இல்லாத நேரம் பார்த்து, மெதுவாக, விட்டு விட்டு. நகத்தால் சுரண்டும் சத்தம். அவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். புதிதாக வாங்கிய போத்தல்களைக் கழுவ முன், அவற்றில் ஒட்டிய விலைச் சீட்டை அட்சயா நகத்தால் சுரண்டி எடுப்பாள். ஒரு மூலையைக் கிளப்பி, நிறுத்தி, மறுபடி கிளப்பி. பொறுமையாக. முழுதாக உரிந்து வரும்வரை.

அவன் சுவரில் காதை வைத்தான். சத்தம் நின்றது. பிறகு, சரியாக அவனுடைய காது இருந்த இடத்தில், தொடங்கியது.

அதன்பின் அவன் அடிக்கடி வெளியே நின்றான். எப்போது போனான் என்று தெரியாது. வேலைக்கு வெளிக்கிட்டுக் கதவைப் பூட்டியது நினைவிருக்கும். அடுத்து நினைவிருப்பது செடியின் பக்கத்தில் நிற்பது, சப்பாத்தில்லாமல், தலைமயிரில் பனி கோத்து. குளிர் தெரியாது. பசி தெரியாது. மாமி யன்னலைத் திறந்து நேரே அவனைப் பார்ப்பார். பிறகு வீட்டுக்குள் திரும்பி, "தம்பி, எங்கை நிக்கிறீர்?" என்று பேஸ்மென்ற் படியைப் பார்த்துக் கூப்பிடுவார்.

இப்படியே விடமுடியாது என்று கார்த்திகையில் முடிவெடுத்தான். அட்சயா தண்ணீருக்குப் போகவேண்டும். செடியை வேரோடு கிளப்பி, அடிமண் முழுவதையும் அள்ளி, காரில் ஏற்றி, ஏரியில் கொட்டவேண்டும். நிலம் உறைய முன். போகாதவரை அவள் இங்கேதான், தாயின் கண்ணுக்கு முன்னால், காய்த்துக்கொண்டு நிற்பாள். அவனையும் விடமாட்டாள்.

சனிக்கிழமை மாமி றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு யாருடையதோ காரில் போனார். அவன் மண்ணள்ளும் சவளை எடுத்தான். செடிக்கும் சுவருக்கும் நடுவில் தோண்டத் தொடங்கினான். மேல்மண் ஏற்கனவே இறுகியிருந்தது. உடைத்ததும் உள்ளே சூடு. ஆவி பறந்தது. மூடிவைத்த அறைக்குள் யாரோ நெடுநாள் படுத்திருந்ததுபோல ஒரு மணம். அதற்கு அடியில், மெல்லியதாக, அட்சயா தலைக்கு வைக்கும் எண்ணெய்.

முழங்கால் ஆழத்தில் ஒரு வேர் தட்டுப்பட்டது. மணிக்கட்டுத் தடிப்பு. கையால் மண்ணை விலக்கினான். செடிப்பக்கம் போகப் போக வேர் மெலிந்தது. சுவர்ப்பக்கம் போகப் போகத் தடித்தது. சுவரை அடையும் இடத்தில் அது அவன் தொடையளவு இருந்தது. சீமெந்தை வெடிக்கவைத்து வெளியே வந்திருந்தது. அவன் கட்டில் இருக்கும் இடத்திலிருந்து.

வேர் செடியிலிருந்து வரவில்லை. செடிக்குப் போகிறது.

ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிட்டது. ஸ்னோ தூறத் தொடங்கியது. குழிக்குள் இறங்கி நின்று சவளை ஓங்கி வேரின்மேல் போட்டான். வலிக்கவில்லை. ஆனால் சப்பாத்துக்குள் ஏதோ சூடாக நிறைந்தது. மறுபடி போட்டான். நிறைந்து வழிந்தது. கையில் தொட்டுப் பார்த்தான். பிசின்.

காலைத் தூக்கினான்.

கால் வரவில்லை.

மற்றக் காலைத் தூக்கினான். சப்பாத்தின் அடி கிழிந்து மண்ணுக்குள் விரிந்திருந்தது. சப்பாத்தல்ல. கால். விரல்கள் பிரிந்து, ஒவ்வொன்றும் வேறு வேறு பக்கமாக, கீழே போய்க்கொண்டிருந்தன. ஆறுதலாக. அவனுக்கே தெரியும்படி.

சவள் விழுந்தது. குனிய முடியவில்லை. இடுப்பு மடியவில்லை. போன் சட்டைப் பையில் இருந்தது. கை பாதிவழி வந்து நின்றது. வானத்தைப் பார்த்து. விரல்கள் விரிந்து.

கராஜுக்கு முன்னால் கார்க் கதவு அடிபட்டது. மாமியின் குரல். யாருக்கோ நன்றி சொல்கிறார். கதவு. உள்ளே வெளிச்சம். "தம்பி." பேஸ்மென்ற் படி. "தம்பி." பின்கதவு திறந்தது.

மாமி போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். விபூதியும் கற்பூரமும் மணத்தன. வெளிச்சம் குழியில் விழுந்தது. அவனுடைய முகத்தில் விழுந்தது. நின்றது.

மாமி, என்றான் அவன்.

சொல்லவில்லை. வாயைத் திறந்தான். நாக்கின் மேல் ஏதோ வழுவழுப்பாக மடிந்து கிடந்தது. ஓரங்களில் முள்.

"ஓ," என்றார் மாமி. "புதுசு ஒண்டு வாங்கி வைச்சிருக்கிறான்." புரைக்கண் அவன் மேல் ஆறுதலாக ஏறி இறங்கியது. "குழியை மூடாமல் உள்ளுக்கை போய்ப் படுத்திட்டான் போல. ஆரும் விழுந்தால்?"

சவளை எடுத்தார். மூச்சு வாங்க வாங்க மண்ணை இழுத்துத் தள்ளினார். கணுக்கால் மூடியது. முழங்கால் மூடியது. செருப்புக் காலால் சுற்றிவர மிதித்து இறுக்கினார். கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"நீயும் காய்," என்றார்.

வெளிச்சம் அணைந்தது. ஸ்னோ விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், நகம் சுரண்டும் சத்தம் தொடங்கியது. இப்போது சுவர் இல்லை.

விடிந்தபோது எல்லாம் வெள்ளையாக இருந்தது. காய்கள் மட்டும் சிவப்பு. நிதுசனுக்கு எல்லாம் தெரிந்தது. எதுவும் உறைக்கவில்லை.

வேலிக்கு மேலால் றொபேட்டின் தொப்பி வந்தது. கம்பளிக் கையுறைக்குள் கொப்பு அரியும் வாள்.

"அக்கா, நத்தார் வருது. வளையத்துக்கு ரெண்டு கொப்பு தாறன் எண்டு சொன்னனீங்கள்."

"ஓம், ஓம். வாளைத் தாரும். நானே வெட்டித் தாறன். நீர் வேலி பாய்ஞ்சு விழுந்தால் உம்மடை மனிசியிட்டை ஆர் பேச்சு வாங்கிறது?"

"தம்பி எங்கை?"

"எழும்பேல்லை. அவன் இப்ப உப்பிடித்தான். கேட்டால் ஒரு சொல்லு வராது."

வாள் கைமாறியது. றொபேட் எட்டிப் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். நிதுசன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். பார். அங்கிள். பார்.

"அட, ஆண் செடி ஒண்டு நட்டாச்சுப்போல," என்றார் றொபேட். "நல்ல உயரமானதாத்தான் பிடிச்சிருக்கிறார்."

"உதோ? உதிலை ஒரு காயும் இல்லை."

"ஆண் காய்க்காது, அக்கா."

"அப்ப என்னத்துக்கு?"

"பொம்பிளை காய்க்கிறதுக்குத்தான். இந்த வருசத்துக்கு இனி உது தேவையில்லை. தன்ரை வேலையை முடிச்சிட்டுது." கைகளைத் தேய்த்துச் சூடாக்கினார். "காயுள்ளதைத் தொடாதேங்கோ, பாவம். எனக்கு இலை மட்டும் காணும். கடையிலை சிவப்பு மணி விக்குது, நான் கட்டுறன். ஆணிலையே வெட்டுங்கோ. கோப்பி அடுப்பிலை, பாத்திட்டு வாறன்."

தொப்பி மறைந்தது.

மாமி கிட்ட வந்தார். இடது கையால் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்ததை அவன் கண்டான். வாள் முழங்கைக்குக் கீழே இறங்கியது. ஈர மரம் அரியும் சத்தம். தூள் வெள்ளையாக விழுந்தது. பிறகு இளஞ்சிவப்பாக. வலி இல்லை. ஒன்றுமில்லை. கொப்பு முறிந்து ஸ்னோவில் விழுந்தது, விரல்கள் மேல்நோக்கி. மாமி அதை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். ஒரு விரலில் மஞ்சளாக ஏதோ மினுங்கியது. கலியாண மோதிரம்.

"கடைக்காரன் கம்பி கட்டி விட்டிருக்கிறான்," என்றார். முறுக்கி இழுத்தார். புல்லுக்குள் எறிந்தார்.

மற்றக் கை.

அதுவும் விழுந்தது. அவன் பார்த்துக்கொண்டு நின்றான். வேறொருவருடையதைப் பார்ப்பதுபோல. பங்குனியிலிருந்து எல்லாவற்றையும் அப்படித்தான் பார்த்தான்.

மாமி இரண்டு கொப்பையும் கையில் நிறுத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"காணாது. உச்சியையும் எடுப்பம்."

வாளின் பற்கள் அவனுடைய தாடைக்குக் கீழே வந்து பொருந்தின.

காற்று இல்லை. ஒரு ஸ்னோத் துகள்கூட அசையவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற செடியின் கொப்பு ஒன்று, காய்களின் பாரத்தோடு, அவன் பக்கம் மெல்லச் சாய்ந்தது. ஓர் இலை அவனுடைய கன்னத்தில் வந்து பட்டது. முள் ஒன்று தோலைக் கண்டுபிடித்து, நின்று, உள்ளே போனது.

வலித்தது.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, ஊசிமுனையளவு, வலித்தது. அந்தத் துளையிலிருந்து அது பரவியது. கன்னம். நெற்றி. நெஞ்சு. குளிர் வந்தது. பசி வந்தது. பானையில் சுட்ட உள்ளங்கை, இல்லாத கையில் எரிந்தது. வெட்டிய இடங்கள் இரண்டும் ஒன்றாக விழித்தன. மண்ணுக்குள் பிரிந்த ஒவ்வொரு விரலும் தனித்தனியாக விழித்தது. மரப்பு முழுவதும் விட்டுவிட்டது.

கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. மாமி அதைப் பெருவிரலால் துடைத்துப் பார்த்தார்.

"பனி உருகுது," என்றார்.

வாளை இழுத்தார்.